ஆட்டுத்தோலில் தேய்த்துப் பார்த்த கியர் பெட்டி

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் நின்றால் வாய் திறக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை திறந்தேன், அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்பக்கம்தான் என் வீட்டுக்காரரின் கார் பட்டறை. எனக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. பாய் ஒருவர், தோல் முதலாளி, தன் அப்பா காலத்து வெளிநாட்டுக் காரை எங்களிடம் விட்டிருந்தார். அதில் கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானாக மாறும். அந்தக் கியர் பெட்டி கெட்டுவிட்டது. மகள் நிக்காவுக்கு மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்பது பாயின் ஆசை. ஊர்வலத்தில் வண்டி நின்றால் என் வீட்டுக்காரர் பேரும் அதோடு போச்சு.

மெட்ராசிலிருந்து ஒரு தரகர் பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பாயும் பார்க்க வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அதன் சுழல்தண்டைக் கையால் சுற்றினார், ஆட்டிப் பார்த்தார். ஆயிலை மோந்தார். கருகல் வாசம் இல்லை, நல்ல சிவப்பு.

"அப்புறம் இன்னா? மாட்டுங்க" என்றார் தரகர்.

"ஆயில் நேத்து ஊத்தினது மாதிரி இருக்குதே. அடித்தட்டக் கழட்டணும்."

கழற்றினால் அடியில் கறுப்புச் சேறு. உள்தகடு தேய்ந்த பொடி என்றால் பரவாயில்லை, ஓடின பெட்டி எல்லாவற்றிலும் இருக்கும். இரும்புத் துகள் என்றால் பெட்டி உதவாது.

"தே, உன் தோல் துண்டு ஒண்ணு எடுத்தா" என்றார் இவர். டேனரியில் கழித்துப்போட்ட, சாயம் ஏற்றாத ஆட்டுத்தோல். அதன் வழவழப்புப் பக்கத்தில் நகம் பட்டாலே கோடு விழும் என்று நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். இரும்பு என்றால் கீறும், வெறும் பொடி என்றால் கறைதான் படியும்.

"அண்ணே, பெட்டி வாங்கறீங்களா, செருப்பு தைக்கிறீங்களா?" என்று தரகர் சிரித்தார்.

இவர் சேற்றை வைத்துத் தேய்த்தார், துடைத்தார். நீளமாக ஒரு கோடு. பாய் முகம் விழுந்துவிட்டது.

"வேணாம் பாய். இரும்பு இருக்குது. எடுத்துட்டுப் போகட்டும்."

கதவோரம் நின்ற எனக்கு அந்தக் கோடு தெரிந்தது. அந்த மாதிரிக் கோட்டைப் பார்த்துத்தானே தினமும் தோலைக் கழிக்கிறேன்? இப்போது விழுந்த கீறல் என்றால் விளிம்பு கூராக இருக்கும். இது ஆறிப்போன தழும்பு.

"இன்னாங்க... அது பெட்டி போட்ட கோடு இல்ல. ஆடு உயிரோட இருக்கசொல்ல முள்ளு கிழிச்சது."

எல்லாரும் திரும்பினார்கள். முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார் இவர்.

"வேற துண்டு தர்றேன். தேச்சுப் பாருங்க."

தழும்பில்லாத துண்டாகத் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். தேய்த்தார், துடைத்தார், வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கறை மட்டும்தான். இன்னொரு துண்டிலும் அப்படியே.

"முள்ளுல மேஞ்ச ஆட்டால என் பெட்டி திரும்பிப் போயிருக்குமே தங்கச்சி!" என்றார் தரகர். பாய் சிரித்துவிட்டார்.

நிக்கா அன்று அந்தப் பெட்டி மாட்டின கார் பூச்சரம் தொங்க பஜார் வழியாக வந்தது. ஒரு குலுங்கல் இல்லை. முன்சீட்டிலிருந்த பாய் எங்கள் பட்டறை எதிரில் நிறுத்தச் சொன்னார்.

"வேல ஜோர்ப்பா!"

"பெட்டி நல்லதுன்னு சொன்னது எங்க வீட்டுல" என்று இவர் என்னைக் காட்டினார்.

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் கதவைச் சாத்தவில்லை. வண்டி கிளம்பி, தெருமுனையில் கியர் மாறுகிற வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.