கழற்றச் சொன்ன ஜெர்சி

அந்த செக்ரட்டரியை நான் மன்னிக்கவில்லை. கடைசி பக்கத்தில் மனம் இளகி மன்னித்துவிடுவேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு தூத்துக்குடியில் பள்ளியை விட்டுவிட்டு உப்பு லாரியில் கிளீனராக ஏறினேன். விசாகப்பட்டினம், பாரதீப், ஹால்டியா என்று இறங்கி, அலுத்து, மறுபடி ஏறி, கிடர்பூர் துறைமுகத்தில் வந்து நின்றபோது எனக்கு இருபத்தாறு வயது. மூட்டை ஏற்றுவேன். வேலை இல்லாத நாளில் டாக் தொழிலாளர்களோடு பந்து விளையாடுவேன். உப்பளத்துத் தரையில் விழுந்து பழகிய உடம்பு என்பதால் கோல்கீப்பராக நிற்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் என்னை 'கேப்' ஆடக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வங்காளத்தில் கேப் என்றால் ஒரு நடை. லாரி ஒரு நடை சரக்கு ஏற்றிப் போவதுபோல, ஆட்டக்காரன் ஒரு நாள் கூலிக்கு ஒரு கிளப்புக்குப் போய் ஆடிவிட்டு வருவான். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு பாராவிலும், அதாவது பேட்டையிலும், சின்ன மைதானத்தில் பக்கத்துக்கு எட்டுப் பேர் ஆடும் ஒருநாள் போட்டிகள் நடக்கும். அன்று காலையில்தான் டீம் சேரும். ஜெர்சி கையில் வரும். போன வாரம் போட்டவனின் வியர்வை வாடை அதில் இருக்கும். சனிக்கிழமை சிவப்பு, ஞாயிற்றுக்கிழமை பச்சை. யாரோடு ஆடுகிறோம், யாரை எதிர்த்து ஆடுகிறோம் என்பது ஒரு நாள் விஷயம்.

ஒரு சனிக்கிழமை என்னோடு சிவப்பு போட்டு ஆடியவன் உகாண்டாக்காரன். கல்கத்தாவில் கேப் ஆட வரும் ஆப்பிரிக்கர்கள் நிறைய உண்டு. பெரிய கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அழைத்து வந்தவன் காணாமல் போன பிறகு இதில் வந்து விழுந்தவர்கள். இவனும் அப்படித்தான். நான் பந்தைப் பிடித்ததும் வலது ஓரத்தில் வலது கையைத் தூக்குவான். நான் வீசுவேன். அன்றைக்கு மூன்று கோல் அப்படியே விழுந்தது.

மறுநாள் டைமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய ஒரு பாராவில், அந்த பாராவின் சொந்த கிளப்புக்காக நின்றேன். ஃபைனலில் எதிரே அதே உகாண்டாக்காரன். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்களுக்குக் கார்னர் வந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. எகிறிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தேன். வலது ஓரத்தில் ஒரு வலது கை உயர்ந்தது. என் கை யோசிக்கவில்லை. வீசிவிட்டேன்.

அவனும் யோசித்துக் கையைத் தூக்கவில்லை என்று பிறகு சொன்னான். பழக்கம்தான். ஆனால் பந்து காலடியில் வந்த பிறகு அவன் ஏன் யோசிக்க வேண்டும்? காலியான கோலில் அடித்தான்.

பரிசளிப்பு மேடையில் எங்கள் கிளப் செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மஃப்ளர், ஐம்பது வயதிருக்கும். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இந்த மதராசி மேட்சை விற்றுவிட்டான் என்று வங்காளத்தில் அறிவித்தார். என்னை மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "எங்க ஜெர்சியக் கழட்டிட்டுப் போ" என்றார். அடியில் பனியன்கூட இல்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒருவரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதை எப்போதோ மறந்திருப்பேன்.

அதன் பிறகு போன் அடிக்கவில்லை. கேப் ஆட்டம் போனில் வாழ்கிறது. நம்பிக்கை போனால் போனும் போச்சு. டாக்கிலும் கேலி தாங்கவில்லை. லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கப் போனேன். கிரைண்டரில் குழவி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அந்த மைதானத்தில், அந்த மைக்கில், அந்த மஃப்ளர்க்காரரை என்ன செய்யலாம் என்று யோசிப்பேன். காலையில் நாலு படி அரிசி அரைபடும்வரை யோசிப்பேன். உருப்படியாக ஒன்றும் தோன்றாது. ஆனாலும் நிறுத்தவில்லை.

சில மாதம் கழித்து உகாண்டாக்காரன் அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தான். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று வலது கையைத் தூக்கினான். அதற்குள் சப்ளைக்கும் என்னை நிறுத்தியிருந்தார்கள்; என் கையில் சாம்பார் கரண்டி இருந்தது. வீசத்தான் தோன்றியது. வீசவில்லை, இரண்டு தோசை வைத்தேன். சப்ளை செய்பவரை எல்லோரும் அண்ணா என்பதைக் கேட்டு அவனும் என்னை அண்ணா என்றான். கிடர்பூரில் நான் இருந்த அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அவன் நிறத்தைப் பார்த்து ஏழு வீட்டுக்காரர்கள் அறை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே வந்துவிட்டான்.

நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். நினைவில் எனக்குத் தமிழாகத்தான் நிற்கிறது.

கல்கத்தா குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த கிளப் ஜெர்சிக்கும் அடியில் தன் நாட்டு ஜெர்சியைப் போட்டுக்கொள்வான். சாயம் போன மஞ்சள். நெஞ்சில் ஒரு கொண்டைக் கொக்கு. அவர்கள் தேசிய அணிக்கே அந்தக் கொக்கின் பெயர்தான். இங்கே எல்லா மைதானத்திலும் அவனை 'நைஜீரியா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்க அப்பாவுக்குப் பத்து வயசு. ஆப்பிரிக்கக் கோப்பையில நாங்க ஃபைனலுக்குப் போனோம். செமி ஃபைனல்ல யாரத் தோற்கடிச்சோம் தெரியுமா அண்ணா? நைஜீரியாவ."

ஃபைனலில் கானாவிடம் தோற்றார்கள். கானாவிலேயே நடந்த ஃபைனல். அதற்குப் பிறகு அந்தக் கோப்பையின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று அவன் அப்பாவுக்குத் தலை நரைத்தது. ஒருமுறை பக்கத்து நாடான கென்யாவைச் சொந்த மைதானத்தில் வென்றால் போதும் என்றிருந்தது. ஊரே மைதானத்தில் இருந்தது. கோலே விழாமல் முடிந்தது. அதற்கடுத்த முறை ஜாம்பியாவிடம் பெனால்டியில் போனது. இதையெல்லாம் அவன் யாரோ தன் வீட்டில் செய்துவிட்டுப் போன அநியாயம்போலச் சொல்வான். கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது தூக்கத்தால் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பகைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவர்களுடையது வேர் விட்டிருந்தது.

மூன்றாவது வருடம், மழை விடுகிற சமயத்தில், ஒரு சின்னத் தீவு நாட்டை ஒரே கோலில் வென்று உகாண்டா தகுதி பெற்றது. முப்பத்தொன்பது வருடம் கழித்து. குழுக்கள் பிரித்தபோது முதல் ஆட்டமே கானாவோடு என்று வந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் ஏதோ வரப்போகிறது என்றிருந்தது.

வந்தது. அடுத்து வந்த ஜனவரியில், கானா ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அதே பாராவில் அதே போட்டி. செக்ரட்டரி ஆள் அனுப்பி, "மூணு வருஷம் முன்னாடி நமக்கு எதிரா கோல் போட்ட நைஜீரியாவைக் கூட்டிட்டு வா" என்று உகாண்டாக்காரனை எடுத்துக்கொண்டார். முந்தின வெள்ளிக்கிழமை, அதே போட்டிக்குப் போகவிருந்த எங்கள் கிடர்பூர் டாக் டீமின் கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்தது. கேப்டன் கிரேன் ஓட்டுகிற ஒரு பிகாரி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு எவனும் கிடைக்காமல் என்னிடம் வந்தார்.

"வர்றியா? யாருக்கு எறியணும்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

சனிக்கிழமை மாலை நான் உகாண்டாக்காரனிடம் ஒன்று கேட்டேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"நாளைக்கு டை-பிரேக்கர் பெனால்டி வந்தா நீ ஒண்ணே ஒண்ண வெளிய அடிச்சிரு. எனக்கு அது போதும்."

ஜெர்சியை மடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "மூணு வருஷமா நீ விக்கலன்னு சொல்லிட்டிருக்க அண்ணா. இப்ப என்னைய விக்கச் சொல்ற."

காலையில் தனித்தனி பஸ்ஸில் போனோம்.

இரண்டு டீமும் ஃபைனலுக்கு வந்தன. ஆளுக்கொரு கோல். அவர்கள் கோலை அவன்தான் போட்டான், என் கால்களுக்கு நடுவே. கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டம் நான் பந்தைத் தொடும்போதெல்லாம் "மதராசி, இங்க வீசு" என்று கையைத் தூக்கிக் காட்டியது. பிறகு டை-பிரேக்கர். எங்களில் ஐந்து பேரும் உள்ளே அடித்தார்கள். அவர்களில் நான்கு. ஐந்தாவதாக அவன் வந்தான்.

மூன்று வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். பக்கத்தை மாற்றாமல், இருக்கிற பலத்தையெல்லாம் காலில் கொண்டுவந்து அடித்தான். சாய்ந்தேன். பந்து என் வலது சுண்டு விரலைப் பின்னால் மடக்கிவிட்டு, கம்பத்தில் பட்டு வெளியே போனது. விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது போல ஒரு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. படுத்தபடியே மேடையைப் பார்த்தேன். மஃப்ளருக்கு மேலே இருந்த முகம் சுருங்கிக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்காமல் முழுதாகப் பார்த்தேன்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். மைக்கைப் பிடித்தார். இந்த நைஜீரியாவும் அந்த மதராசியும் ஒரே அறையில் இருப்பது தனக்குத் தெரியும் என்றார். மேட்சை விற்றுவிட்டான் என்றார். "எங்க ஜெர்சியக் கழட்டு" என்றார்.

அதே வார்த்தைகள்தான். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

உகாண்டாக்காரன் கழற்றினான். அடியில் மஞ்சள் இருந்தது, கொக்கு இருந்தது. கழற்றியதை ஒழுங்காக மடித்து மேடை ஓரத்தில் வைத்தான். யாரையும் பார்க்காமல், மைக் இல்லாமலே இங்கிலீஷில் சொன்னான், "நான் உகாண்டா. நைஜீரியாவ நாங்க செமி ஃபைனல்ல தோற்கடிச்சோம்." யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் சிரிக்கவும் இல்லை.

சிறந்த கோல்கீப்பர் பரிசு என்று ஒன்று உண்டு. போட்டியை நடத்துகிற கிளப்பின் செக்ரட்டரிதான் தன் கையால் கொடுக்க வேண்டும். வாங்குபவன் மைக்கில் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். அது இங்கே மாறாத வழக்கம். தலைமை விருந்தாளியாக உட்கார்ந்திருந்த கிழ வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். செக்ரட்டரிக்கு வேறு வழியில்லை. சுவர்க் கடிகாரம் ஒன்றை என் நெஞ்சில் குத்துவதுபோல நீட்டினார். வாங்கிக் கீழே வைத்தேன். மைக்கை எடுத்தேன். மூன்று வருடம் அரிசியோடு அரைத்த வசவுகள் எல்லாம் நாக்கில் இருந்தன. வலது கையைத் தூக்கிக் காட்டினேன். சுண்டு விரல் பக்கவாட்டில் தொங்கியது. எனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளத்தில், அண்ணன் என்கிற மரியாதையோடு அவரைத் 'தாதா' என்றே கூப்பிட்டுச் சொன்னேன்.

"வித்தவன் அடிச்சது இது. அந்தத் தடவை தோத்தப்ப நான் வித்தேன். இந்தத் தடவை அவன் வித்தான். தாதா இதுவரைக்கும் தோத்ததே இல்ல. யாராவது வித்துத்தான் இருக்காங்க."

முதலில் கிழ வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து முன் வரிசை சிரித்தது. பிறகு கயிற்றுக்குப் பின்னால் இருந்த மொத்த பாராவும் சிரித்தது. செக்ரட்டரி மைக்கைப் பிடுங்கி ஏதோ கத்தினார். சிரிப்பு அதிகமானது. சொந்த பாராவில், சொந்தக் காசில் கட்டிய மேடையில் நின்று அவர் அதைக் கேட்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில் உகாண்டாக்காரன் ஒன்று மட்டும் சொன்னான். "நீ உனக்காகத்தான் பேசின. என்னையும் சேத்துக்கிட்ட."

உண்மைதான்.

இரண்டு நாள் கழித்து அவன் போனில் கானா ஆட்டத்தைப் பார்த்தோம். எனக்குக் கட்டுப்போட்ட விரல். கானா ஒரு கோலில் வென்றது, அதுவும் பெனால்டி. அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பரவாயில்ல, இப்ப உள்ள வந்துட்டோம்" என்றான். அந்த வருடம் கோடையில் ஊருக்குப் போய்விட்டான். அடுத்த கோப்பையில் உகாண்டா காங்கோவை இரண்டு கோலில் வென்றபோது குரல் செய்தி அனுப்பினான். அந்தப் பழைய ஃபைனல் வருடத்துக்குப் பிறகு அந்தக் கோப்பையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. செய்தியில் வார்த்தையே இல்லை. அவன் அப்பா கத்துவது மட்டும் இருந்தது.

நான் அந்த பாராவை விடவில்லை. அந்த வழியாகப் போனால் பஸ்ஸிலிருந்து இறங்கி, மைதானத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருவேன். செக்ரட்டரி இப்போது செக்ரட்டரி இல்லை. அடுத்த வருடமே கிளப் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தது. மார்க்கெட்டில் அவர் விலை குறைத்துக் கேட்டால் மீன்காரர் இன்னும் கேட்கிறாராம், "இன்னிக்கு யாரு வித்தாங்க தாதா?" அதைக் கேட்பதற்காகவே நான் இறங்குகிறேன். டீ சுமார்தான்.

போன குளிர்காலத்தில் அவரே கடைக்கு வந்தார். மஃப்ளர் அதேதான், கையில் தடி. என் பக்கத்தில் உட்கார்ந்து தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். பிறகு மெதுவாக, "மதராசி, விட்டுரு. எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

என் கோணல் விரலைப் பார்த்தேன். மனதுக்குள் கூட்டிக் கழித்தேன்.

"முப்பத்தொன்பது வருஷம் ஆகட்டும் தாதா," என்றேன். "அப்புறம் முதல் ஆட்டம் உங்களோடதான்."

இன்னொரு டீ சொன்னேன். ஒன்றுதான்.