மூன்று மேசன்களும் வராத ஒருவரும்

போன மாதம் என் மருமகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு வந்திருந்த மேசன்கள் மூன்று பேர். ஒருவன் செம்பட்டைத் தலை, முன்பல் இரண்டும் இல்லாதவன். இன்னொருவன் லித்துவேனியாக்காரரின் பிள்ளை. மூன்றாமவன் எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், லண்டன் குட்மேய்ஸில் நகைக்கடை வைத்திருப்பவரின் பேரன். கேக் வெட்டும் நேரம் யாரோ ஒரு தாய் "மேசன்" என்று கூப்பிட்டாள். மூன்று தலைகள் திரும்பின. நான்காவதாக நானும் திரும்பினேன். எனக்குத் தெரிந்த முதல் மேசன் அங்கே வரவில்லை. அவர் என் அப்பா.

அப்பாவுக்கு அது பெயரல்ல, தொழில். கல்லும் சீமெந்தும் வைத்துச் சுவர் கட்டுகிறவரை எங்கள் ஊரில் மேசன் என்றுதான் சொல்வோம். இங்கிலீஷ்காரர் விட்டுவிட்டுப் போன சொல்லென்று எனக்கு வெகுகாலம் தெரியாது. வாளி, குழி கிண்டுகிற அலவாங்கு மாதிரி அதுவும் எங்களுடையது என்றே நினைத்திருந்தேன்.

பிறந்தநாள் நடந்த மண்டபத்தின் பின்வாசல் படிக்கு அந்தக் கிழமைதான் புதிதாகச் சீமெந்து பூசியிருந்தார்கள். பலூன் மணம், ரோல்ஸ் பொரித்த மணம், பிள்ளைகளின் வேர்வை மணம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஈரச் சீமெந்து. அப்பாவின் சேர்ட்டை எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத மணம் அது. சாப்பிட உட்காரும் முன் விரல் வெடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருப்பார். அந்த எண்ணெயும் சீமெந்தும் சேர்ந்த மணத்தை நான் இப்போது உங்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. விடுங்கள்.

மருமகன் பிறந்தது 2009இல். அப்போது நான் மாணவர் விசாவில் வந்து, லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் அத்தானின் பலசரக்குக் கடைக்கு மேலே, அக்கா குடும்பத்தோடு இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். வரை படித்த முதல் ஆள் நான். ஆகவே கவுன்சில் கடிதம், காஸ் பில், பெனிபிட் விண்ணப்பப் பாரம் எல்லாம் என் கட்டில் விளிம்புக்கு வந்து சேரும். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். தான் நின்றதால்தான் தம்பி படித்தான் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அது இன்னும் பாரம். பிள்ளைக்குப் பெயர் பார்க்கிற வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

ஆனால் பெயரை அத்தான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். ஹொலண்டில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே அவருடைய நீளப் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்களாம். "பேர் எண்டது சப்பாத்து மாதிரி. நடக்கிற றோட்டுக்கு ஏத்ததாய் இருக்கவேணும்" என்பார். கடைக்கு வரும் தள்ளுவண்டி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துப் பெயர் கேட்பது அவர் வழக்கம். கடை தொடங்கின காலத்தில் எல்லாம் ஜோர்டனும் றயனுமாம். பிறகு டைலர் என்று ஒரு அலை அடித்ததாம். இப்போது எந்த வண்டியைக் கேட்டாலும் மேசன்.

காலையில் பேப்பர் வாங்க வரும் கிழவர் ஒருவருக்கு இது பெரிய பகிடி. அவருடைய குடும்பப் பெயரே மேசன். எழுபது வருஷமாக அது கடைசியில் வருகிற பெயராகத்தான் இருந்தது, சார்ஜன்ட் கத்துகிற பெயர், எந்தத் தாயும் தொட்டிலில் கிடக்கிறதை அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு ஊரில் ஆறு ஜோன் இருந்தால் எந்த ஜோன் என்று கேட்பார்களே, கல்வேலை ஜோன் என்று சொல்லியிருப்பார்கள், பிறகு அவன் மகன் பேக்கரியில் பாண் சுட்டாலும் மேசன்தான் என்றார். அவருடைய தகப்பன் பஸ் கொண்டக்டர். குடும்பத்தில் சாந்தகப்பை பிடித்தவர் எவரையும் அவருக்குத் தெரியாது.

எனக்கு இது சுலபமாக விளங்கியது. எங்கள் ஊரிலும் இரண்டு வஸ்தியாம்பிள்ளை இருந்தார்கள். ஒருவர் வலைக்கார வஸ்தியார். மற்றவர் மேசன் வஸ்தியார். கொஞ்சக் காலத்தில் வஸ்தியாரும் தேய்ந்துபோய் அப்பா வெறும் மேசன் ஆனார். அக்கா மேசன்ரை பெட்டை. நான் மேசன்ரை பெடியன். நான் படித்து முன்னுக்கு வரவர அந்தச் சொல் எனக்கு முள்ளாகிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடப் பாரத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் கட்டடக் கலைஞர் என்று எழுதினேன். விசாப் பாரத்தில் ஒரு படி ஏறி, கட்டட ஆலோசகர். எங்கள் வீட்டுக் கக்கூசுக்குக் கதவு வைக்க முடியாமல் சாக்குத் தொங்கவிட்டிருந்த ஆலோசகர்.

ஆகவே அக்கா இந்தப் பெயருக்குச் சம்மதிக்க மாட்டாள் என்றே நம்பியிருந்தேன். அந்தச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் என்னைவிடக் கூட நக்கல் கேட்டவள் அவள்தான். அவளோ அத்தானைவிடப் பிடிவாதமாக நின்றாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணும் தன் பிள்ளைக்கு மேசன் என்று வைத்தாளாம். நேர்ஸ் வந்து, வடிவான பெயர் என்றாளாம்.

"மேசன் எண்ட சொல்லையும் வடிவு எண்ட சொல்லையும் ஆரும் சேத்துச் சொல்லி நான் கேட்டதில்லையடா தம்பி. எனக்கு அழுகை வந்திட்டுது. அப்பாவுக்குச் சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவார்."

பாருங்கள், புருஷனுக்கு அது புதுச் சப்பாத்து, பெண்சாதிக்கு அது தகப்பன். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று அக்கா கேட்பாள். கேட்டால் அந்தப் பாரங்களைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். பேசாமல் இருந்துவிட்டேன்.

பிள்ளையின் பிறப்பைப் பதிகிற கந்தோருக்கு அத்தானும் நானும் போனோம். அக்காவுக்குத் தையல் ஆறவில்லை. பதிகிற பெண்மணி, இந்தப் பெயர் இப்போது நிறைய வருகிறது என்று சிரித்தபடி எழுதினார். பிறகு தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டார். கடல் தாண்டி வந்த பிறகும் அதே கட்டம், அதே கேள்வி. அத்தான் நெஞ்சை நிமிர்த்திக் கடை முதலாளி என்றார்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, சுரண்டுகிற போன் காட் ஒன்றை எடுத்து அப்பாவுக்கு அடித்தோம். அது ஊரில் சண்டை முடிந்த வருஷம். போன் எடுத்தால் முதலில் ஆர் இருக்கினம், ஆர் இல்லை என்று கேட்ட பிறகுதான் மற்றக் கதை. அப்பா ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கும்வரை அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தாள். பிறகு, அவருடைய தொழிலைத்தான் பேரனுக்குப் பெயராக வைத்திருக்கிறோம் என்று சொன்னாள்.

போன் காட் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளை, எனக்கு ஒரு பேர் இருக்கெல்லோ" என்றார் அப்பா.

அக்கா தடுமாறிப்போனாள். இங்கே வெள்ளைக்காரர்கூட வைக்கிறார்கள், மதிப்பான பெயர் என்று என்னென்னவோ சொன்னாள்.

"அவை வைக்கட்டும். அவையை ஒருத்தரும் மதிலுக்கு அங்காலை நிண்டு 'டேய் மேசன்' எண்டு கூப்பிட்டிருக்க மாட்டினம். என்ரை பேரைச் சொன்னது கோயிலிலை சுவாமி ரண்டு தரம், ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும். பிறகு ஐடென்ரிக் காட் பாத்த ஆமிக்காரன். வேறை ஆர் சொன்னது?"

அக்கா அழத் தொடங்கினாள். அத்தான் எழும்பி, கீழே கடையைப் பார்க்க வேணும் என்று போய்விட்டார். நான்தான் போனை வாங்கினேன். அப்பா கொஞ்சம் செருமிவிட்டு, சம்பந்தமில்லாத மாதிரி, என்னை இங்கே என்னென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குத் தகப்பனின் பெயர்தானே இங்கே குடும்பப் பெயராகிவிடும். வங்கியில், கொலிஜில், டாக்குத்தரின் வரிசையில், எனக்கு அந்தப் பெயர்தான். அவர்கள் அதைப் படுத்துகிற பாடு வேறு.

"மிஸ்டர் வஸ்தியாம்பிள்ளை எண்டுதான் அப்பா."

"என்னெண்டு?"

"மிஸ்டர் வஸ்தியாம்பிள்ளை."

"மிஸ்டரோ?" என்றார். பிறகு, "அப்ப என்ரை பேர் அங்கை ஓடுது" என்றார். அதற்குள் போன் காட்டின் பெண்குரல் இங்கிலீஷில் ஒரு நிமிஷம்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டது.

அவர் சிரித்தாரா, குரல் உடைந்ததா என்று அக்காவும் நானும் இன்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை.

அத்தான் இரண்டு நாள் முறுகிக்கொண்டு திரிந்தார். பிறகு தானாகவே வந்து, பெயரை மாற்ற வழி இருக்கிறதா பார் என்றார். இருந்தது. ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தால் சுவாமி ஒரு பாரத்தில் எழுதித் தருவார், ஒரு வருஷத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் பதிவில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளை செபஸ்தியான் ஆனான். வஸ்தியார் என்று ஊரில் தேய்த்ததும் அந்தப் புனிதரைத்தான். பேப்பர்க் கிழவருக்குச் சொன்னேன். தன் காலத்தில் அது பணக்காரப் பிள்ளைகளின் பெயர் என்றார்.

சில வேளை பஸ்ஸில் இருந்து இதையே யோசிப்பேன். இங்கிலீஷ்காரருக்குத் தொழில் பெயராகி, பெயர் குடும்பப் பெயராகி, இப்போது திரும்பி வந்து பிள்ளையின் முன்பெயராகி நிற்கிறது. அந்த நகைக்கடைக்காரரின் பேரன் மேசனுக்கு ஒருநாள் பிள்ளை பிறந்தால், எங்கள் வழக்கப்படி அது மறுபடி கடைசிக்குப் போய்விடும். எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று யோசிக்க யோசிக்க இறங்கவேண்டிய இடம் தாண்டிவிடும்.

பிறந்தநாள் அன்று மருமகனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், நீயும் ஐந்து கிழமை மேசனாக இருந்தாய் என்று. ஓடிவந்து, "மாமா, உண்மையோ?" என்றான். ஓம் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. மூன்று பேரோடு நாலாவதாக இருந்திருக்கலாமே, ஏன் அந்தப் பெயரை எடுத்தீர்கள் என்று இங்கிலீஷில் சண்டைக்கு வந்தான்.

அந்தப் போன் காட் இப்போது இல்லை. பேப்பர்க் கிழவர் இல்லை. கடையும் கைமாறிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவும் இல்லாமல் போனார், பேரனை ஒரு தரம்கூடத் தூக்காமல். என்னுடைய விசா அலுவல் கந்தோரில் கிடந்தபடியால் போக ஏலவில்லை. மரண அறிவித்தலை நான்தான் இங்கிருந்து எழுதி அனுப்பினேன். அன்றைக்குப் போனில் அவர் கேட்ட மாதிரியே, அந்தோனிப்பிள்ளை வஸ்தியாம்பிள்ளை என்று முழுப் பெயர். வேறு ஒரு சொல் இல்லை. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு தாளில் அவரைப் பற்றிச் சரியாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன்.

விடிந்ததும் ஊரிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். நோட்டீஸ் எல்லாக் கம்பத்திலும் ஒட்டியாயிற்று, வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை என்றார். "ஆர் செத்ததெண்டு சனத்துக்குத் தெரியேல்லை. என்ன செய்ய, தம்பி?"

பெயரோடு மேசன் என்று சேர்த்து அடியுங்கோ என்றேன். பின்னேரம் முற்றம் கொள்ளாத சனமாம். அவர் கட்டிய மதில்களின் சொந்தக்காரர் எல்லோரும் வந்தார்களாம்.

அந்தச் சொல்லை லண்டனில் எடுத்துவிட்டு வாங்கிய பிள்ளையின் பிறப்புப் பதிவுப் பிரதிக்கு அத்தான் கொடுத்தது ஏழு பவுண். ஊரில் அதைத் திரும்பப் போட, மறுபடி நோட்டீஸ் அடித்ததற்கு அச்சகத்தில் எடுத்தது இரண்டாயிரத்து நானூறு ரூபா.