கோமளா பார்த்த பொருத்தம்

செனாவாங் தொழிற்சாலையில் கோமளாவும் நானும் ஒரே பரிசோதனை மேசையில் வேலை பார்க்கிறோம். வரிசையாக வரும் மின்பலகைகளில் எது தேறும், எது தேறாது என்று அவள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். பலகையைத்தான் சொல்கிறேன்.

அவள் ஜாதகத்தைக் கைவிட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்காவுக்குப் பத்தில் ஒன்பது பொருத்தம் என்று பார்த்துக் கட்டிவைத்தார்கள். அந்த மாப்பிள்ளை வருடம் திரும்புவதற்குள் வேறொருத்தியோடு ஜோகூருக்குப் போய்விட்டான். "எனக்குக் கட்டம் பாக்க வேணாம், கொணத்தப் பாத்துக் கட்டுங்க" என்றாள் கோமளா. குணத்தை எதை வைத்துப் பார்ப்பது? எங்கள் தொழிற்சாலையில் லைன் லீடர் எடுக்கும்போது ஓர் ஆளுமைத் தேர்வு வைப்பார்கள். கைப்பேசியில் கேள்வி வரும், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தட்ட வேண்டும், முடிவில் நாம் எப்படிப்பட்ட ஆள் என்று அது நமக்கே சொல்லும். கல்யாணத்துக்கும் அப்படி ஒன்று இணையத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். பெண்ணும் பையனும் தனித்தனியாகப் பதில் சொன்னால், இரண்டு பேருக்கும் எத்தனை விழுக்காடு ஒத்துப்போகும் என்று கணக்குப் போட்டுத் தரும். வந்த வரன்களுக்கெல்லாம் அதை அனுப்பினாள். அறுபதும் ஐம்பதும் வாங்கியவர்களை மறுபேச்சில்லாமல் தள்ளினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

லிங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருக்கும் புனிதனுக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. கேன்டீனில் எல்லோரிடமும் காட்டினாள். மூன்று மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

புனிதனைக் குறை சொல்ல எனக்கே வாய் வராது. குடியில்லை, சூதில்லை, கை நீட்டும் பழக்கமில்லை. தோட்டத்தில் எவர் வீட்டில் சாவு, எவர் வீட்டில் சடங்கு என்றாலும் முதல் ஆளாக நிற்பான். வாசலில் போடும் கூடாரத்து இரும்புக் கால்களை அவனுடைய வேனில்தான் ஏற்றுவார்கள். ஊரே அவனைத் தங்கம் என்றது. தங்கம்தான், நான் மறுக்கவில்லை. வீட்டில் மட்டும் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கோமளா ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிம்மா, வந்து பேசுறேன்" என்று செருப்பை மாட்டுவான். அவள் சொல்ல வந்த பாதிகளெல்லாம் என் காதுக்குத்தான் வந்து சேர்ந்தன.

போன வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உதிரம் போக ஆரம்பித்தது. புனிதனைக் கூப்பிட்டாள். "மணியம் அண்ணன் வீட்டுல பெரிய காரியம்மா, கூடாரம் ஏத்திக்கிட்டு இருக்கேன். தோ வந்துர்றேன்" என்றான். வேன் அவனிடம் இருந்தது. அவனுடைய தங்கை லோகேஸ்தான் கோமளாவை மோட்டார் சைக்கிளில் தன் இடுப்போடு துணியால் கட்டி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். புனிதன் சாயங்காலம் வந்தான். அதற்குள் பிள்ளை போய்விட்டது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான், உண்மையாகவே அழுதான். பிறகு கூடாரம் பிரிக்க ஆளில்லை என்று போய்விட்டான்.

கோமளா நீலாயில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து, இனிமேல் அங்கே போகமாட்டேன் என்றாள். அம்மாவுக்கு மூத்தவள் வீட்டோடு இருப்பதே தாங்கவில்லை. "நாங்களா பாத்துக் கட்டுனோம்? நீயா பாத்த. தொண்ணூத்தொண்ணுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச. இப்ப என்னா கொறன்னு சொல்லிட்டு வருவ? அடிச்சானா, குடிச்சானா?" என்று கேட்டார். கோமளா பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே திரும்பிப் போனாள்.

அதன்பிறகுதான் லோகேஸ் வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் கிளினிக் தாளோ லைசென்ஸ் தாளோ, எது வந்தாலும் எழுதுபவள் அவள்தான். ஆங்கிலம் தெரிந்தவள் அவள் ஒருத்தி. கல்யாணத் தேர்வும் ஆங்கிலத்தில் வந்தது. "நீயே அடிச்சு விட்ரு பாப்பா" என்று புனிதன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளும் மற்ற தாள்களை எழுதுவது போலவே எழுதிவிட்டாள். அண்ணனை நினைத்துச் சிலதும், தன்னை நினைத்துப் பலதும்.

மறுநாள் கேன்டீனில் கோமளா இதை என்னிடம் சொன்னாள். "என்னை ஏமாத்திட்டாங்கக்கா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏமாந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தேர்வு பொய்யென்றால் கல்யாணமும் பொய், தலைநிமிர்ந்து வெளியே வரலாம்.

இரண்டு வீட்டாரும் தோட்டத்தில் புனிதன் வீட்டில் கூடிப் பேசினார்கள். துணைக்குக் கோமளா என்னையும் கூப்பிட்டிருந்தாள். புனிதனின் பெரியப்பா சன்னாசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நியாயம் சொன்னார். "தப்பு எங்க பக்கம்தான்லா. இப்ப அவனே எழுதட்டும். பொருந்தலன்னா புள்ளைய மரியாதையா அனுப்பிருவோம்."

"சரி" என்றாள் கோமளா, யாரும் யோசிப்பதற்கு முன்பே.

அவளுடைய பழைய பதில்கள் அதில் அப்படியே இருந்தன. லோகேஸ் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னாள். புனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து, யோசித்து யோசித்து, தானே தட்டினான்.

"வேண்டியவங்க கஷ்டத்துல இருந்தா, செஞ்சுக்கிட்டு இருக்கிற வேலைய விட்டுட்டு ஓடுவீங்களா?"

ஐந்து தட்டினான். சன்னாசி தலையை ஆட்டினார். அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஐந்துதான் சொல்வார்கள்.

"அடுத்தவங்க பேசுறதப் பொறுமையா கேப்பீங்களா?"

ஐந்து.

"புள்ளைங்க வேணுமா?"

அதற்கும் ஐந்து தட்டினான். கண் கலங்கியிருந்தது. ஒரு கேள்விக்காவது அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னான். அந்த இயந்திரமும் அவனைத்தானே கேட்டது? அவன் யார் வீட்டுக்கு ஓடுவான் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தவளையும் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்று வந்தது. தங்கை எழுதியதைவிட இரண்டு அதிகம்.

"பாத்தியாடி" என்றார் அம்மா. சன்னாசி தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். கோமளாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துபோனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவள் புனிதனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அந்த ஓடி வர்ற கேள்விக்கு எப்படி அஞ்சு போட்டீங்க?"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன்மா, அன்னிக்கு நான் வரலையா? வேலைய முடிச்ச ஒடனே வந்தேன்ல?"

அப்போது அவனுடைய கைப்பேசி அடித்தது. வீரமுத்து வீட்டில் காதுகுத்து, கூடாரம் வேண்டுமாம். "தோ வந்துர்றேன்" என்று எங்கள் எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு வேனை எடுத்தான்.

கோமளா உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். அம்மா கையைப் பிடித்தார். "எங்கடி போற? பொருந்தியிருக்குல்ல?" அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு, லோகேஸின் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள். லோகேஸ் அழுதுகொண்டே கேட்டாள். "அண்ணன் வந்து கேட்டா என்னா சொல்றது அண்ணி?"

"நல்லா பொருந்திச்சுன்னு சொல்லு" என்றாள் கோமளா.

இப்போது செனாவாங்கில் என் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். லோகேஸ் வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். புனிதன் இன்னும் வரவில்லை. நாங்கள் வீடு மாறுகிறோம், சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினால் போதும், வேனை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான்.