லொரெட்டா கீப்பிங் சொல்ல வந்தது

மூடியை இறுக்கித் திருகிய ஜாடியை நீட்டிவிட்டு லொரெட்டா கீப்பிங் வாயைத் திறக்க மாட்டாள். ஜாடிக்குள் பிஸ்கட் இருப்பது வெளியே தெரியும். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை ஜாடியைப் பார்க்கும், உருட்டும், பல்லால் கடிக்கும். அவள் திறந்து கொடுக்க மாட்டாள். வேண்டுமா என்றும் கேட்க மாட்டாள். பிள்ளை தானாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு சத்தமாவது போட வேண்டும். அதுவரை அவள் சிலை. ஒரு வசந்தகாலத்தில் இப்படி அவள் காத்திருந்தபோது ஒரு பனிப்பாறை துறைமுகத்துக்குள் வந்து, கொஞ்ச நேரம் ஊரைப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போனது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என் தேநீர் ஆறிப்போனது மட்டும் சத்தியம்.

நான் அந்த அறைக்கு இந்தப் பக்கம் இருப்பவள். கன்னர்ஸ் ஹில் குழந்தைகள் மையத்தில் வருகிறவர்களுக்குக் கோட்டு மாட்ட இடம் காட்டுவதும், தேநீர் போடுவதும், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒளிப்பதிவுக் கருவியை இயக்குவதும் என் வேலை. கண்ணாடியைப் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் முகம் தெரியும். எங்களுக்கு அவர்கள் எல்லோருமே தெரிவார்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை முதுநிலையில் படிக்கிற மாணவர்கள் ஆண்டுதோறும் இங்கே பயிற்சிக்கு வந்து போவார்கள். எனக்கு எல்லோர் முகமும் நினைவில் இருப்பதில்லை. இவள் முகம் இருக்கும்.

வயது முப்பத்தொன்று. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், படகு மட்டுமே போகிற ஊர்க்காரி. பாலர் வகுப்பில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவள். அறைக்குள் செருப்பு கிடையாது. அப்பாவின் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைதான். அதில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும், வாரத்துக்கு ஓரிடத்தில். பாதி நாள் தரையில் தவழ்வதால் கால்சட்டையின் முழங்கால் மட்டும் வெளுத்திருக்கும். சட்டைப்பையில் சோப்புக் குமிழி ஊதும் குப்பி கசிந்துகொண்டே இருக்கும். அந்தச் சட்டைக்கு வேறு சலவை கிடையாது என்பது என் கணிப்பு. மதியத்துக்கு வறுத்த பொலோனி இறைச்சித் துண்டு வைத்த ரொட்டி. பாடப்புத்தகத்தை நகலெடுக்கும் இயந்திரத்தின்மேல் விரித்துவைத்து, நின்றபடியே தின்பாள். மரபணு பற்றிய பக்கங்களில் கடுகுச் சாந்து படிந்திருக்கும். பிள்ளைகள் பேசத் தொடங்குவது பற்றிய பக்கங்கள் மட்டும் சுத்தமாக இருக்கும்; அவற்றைத் திறக்க வேண்டிய தேவையே அவளுக்கு இருந்ததில்லை.

பிள்ளைக்குக் குறைபாடு உண்டா என்று பார்க்கிற மதிப்பீட்டில் ஒரு பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டும். களிமண்ணில் கேக் பிடித்து, குச்சியை மெழுகுவத்தியாக நட்டு, பாட்டுப் பாடி, பிள்ளை பொம்மைக்கு ஊட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பொம்மைக்கு இதுவரை நடந்த பிறந்தநாட்களைக் கூட்டினால் அது என்னைவிட மூத்தது. லொரெட்டா ஒவ்வொரு முறையும் அதற்கு முதல் பிறந்தநாள் என்பதுபோலப் பாடுவாள். கேக் வெட்டும்போது தனக்கு ஒரு துண்டு ஒதுக்கிக்கொள்வாள்.

இரண்டாம் ஆண்டில் இந்தப் படிப்புக்காரர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அறிகுறி தென்படும். தபால்காரர் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்றாள் லொரெட்டா. என் மருமகன் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்றாள். அவள் குடியிருந்த வீட்டுக்காரரின் நாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வாரக்கணக்கில் அதைக் கவனித்தாள். கடைசியில் நாய்க்குக் காது கேட்காது என்று தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா கையாட்டிக் கூப்பிட்டிருப்பேனே, ராசா," என்று நாயிடமே வருத்தம் தெரிவித்தாள்.

பிள்ளைகள் முன்னால் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பவளுக்குப் பெரியவர்கள் முன்னால் ஒரு நொடி அமைதிகூடத் தாங்காது. பேச்சில் சின்ன இடைவெளி தெரிந்தால் அதில் வானிலையைச் செருகுவாள். அது தீர்ந்தால் சாலையின் நிலைமை. அதுவும் தீர்ந்தால் தேநீர்.

"எங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்," என்று ஒருநாள் சொன்னாள். "தாத்தா செத்த அன்னிக்கு அப்பா வந்து முதல்ல நண்டு விலையப் பத்திப் பேசினார். அப்புறம் பக்கத்து வீட்டுப் படகோட எஞ்சின் ரிப்பேர். அப்புறம் உக்காந்து சாப்பிட்டார். தட்டைக் கழுவி வெச்சார். வெச்சிட்டு, 'பெரியவருக்கு எடுத்து வெச்ச மீனை இனி பூனைக்குப் போட்டுடலாம்'னார். அப்பத்தான் எங்கம்மாவுக்குப் புரிஞ்சுது."

"நீயும் அதே ரத்தம்தானே," என்றேன்.

"இல்லல்ல. நான் படிச்சவ. நான் தட்டைக் கழுவறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்."

பெடில் குடும்பம் வந்தது சென்ற குளிர்காலத்தில். அவர்கள் பெயரை நான் மாற்றியிருக்கிறேன்; லொரெட்டாவின் பெயரை மாற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா ரோட்னி கடல்நடு எண்ணெய்க் கிணற்றில் வேலை. மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை. அம்மா கிறிஸ்டல் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். மகன் ப்ரோடிக்கு மூன்றரை வயது. அம்மா என்று ஒருமுறையும் கூப்பிட்டதில்லை. ஆனால் வானொலியில் மீனவர்களுக்குச் சொல்லும் வானிலை அறிக்கையை அப்படியே ஒப்பிப்பான். "தென்மேற்குக் காற்று, இருபது நாட் வேகம். இரவில் மேற்காகத் திரும்பும். கரையோரம் மூடுபனி." அறிவிப்பாளரின் இருமல்கூட அந்தந்த இடத்தில் வந்துவிடும். அவர்கள் குடியிருக்கும் விரிகுடாவில் சில பேர் வானொலியை விட்டுவிட்டு ப்ரோடியைக் கேட்டுத்தான் படகை எடுக்கிறார்கள் என்று கேள்வி.

மதிப்பீடு முடிந்தது. ஆட்டிசம்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெற்றோரிடம் முடிவைச் சொல்ல வேண்டிய நாளில் பெரும்பனி. மேற்பார்வையாளர் டாக்டர் ஃப்ரீசனின் கார் அவர் வீட்டு வாசலிலேயே புதைந்துவிட்டது. பெடில் தம்பதியோ மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்துவிட்டார்கள். "நீயே சொல்லிடு," என்றார் ஃப்ரீசன் தொலைபேசியில். நான் கருவியை ஓடவிட்டுவிட்டு முன்மேசையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன் என்றபடி லொரெட்டா வெளியே வந்தாள். அவர்கள் சிரித்த முகத்தோடு கோட்டை மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்டல் என்னையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். நல்லவிதமாகத் தாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பயிற்சிப் பள்ளியிலிருந்து என் மேசைக்குத் தொலைபேசி வந்தது. ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சும் விளையாட்டும் பழக்குகிற இடம் அது. ப்ரோடிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். "அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க, கண்ணு," என்றாள் அங்கே வேலை பார்க்கிறவள். "'எம்புள்ளைக்குப் பெரிசா ஒண்ணுமில்லையாம், நிஜமாவே கஷ்டப்படுற புள்ளை யாருக்காவது குடுங்க'ன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது." அந்த இடம் கைவிட்டுப் போனால் அடுத்தது கிடைக்க ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் பிள்ளை பள்ளிக்கூட வயதுக்கு வந்துவிடுவான்.

ஃப்ரீசன் பதிவைப் போடச் சொன்னார். அவர் சஸ்காட்சவன் கோதுமை வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவர். ஆலங்கட்டி விழுந்தால் ஆலங்கட்டி விழுந்தது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிற ஊர். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் லொரெட்டா ப்ரோடியின் நினைவாற்றலைப் புகழ்ந்தாள். சில பிள்ளைகள் உலகத்தை வேறு மாதிரி பார்ப்பார்கள் என்றாள். சாலையில் பனி எப்படி என்று கேட்டாள். பயிற்சிப் பள்ளியை, போனால் நல்லது என்கிற மாதிரி, கோடை முகாம்போல் சொன்னாள். ஓரிடத்தில் விஷயத்தின் விளிம்புவரைக்கும் வந்தாள். ரோட்னி சிரித்தார்; பின்வாங்கிவிட்டாள். ஆட்டிசம் என்ற சொல் கடைசிவரை வரவில்லை.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லையே, கண்ணு?" என்று திரையில் கிறிஸ்டல் கேட்டாள்.

"பயப்படவே பயப்படாதீங்க," என்றாள் திரையில் லொரெட்டா.

என் பக்கத்தில் இருந்த லொரெட்டாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் சொன்னேன். சொன்னதா எனக்கு ஞாபகம் இருக்கு, டாக்டர். அந்த, உலகத்தை வேற மாதிரி பாப்பாங்கன்னு..."

"நான்கூடத்தான் வேற மாதிரி பாக்கறேன்," என்றார் ஃப்ரீசன். "நாளன்னிக்கு அவங்கள வரச் சொல்லு. நீதான் சொல்லணும். நான் உள்ள வரமாட்டேன். சொல்லு, நிறுத்து, வாயை மூடு. மூணு வேலைதான். இதுல தேறலேன்னா இந்தத் தொழிலுக்கு நான் உன்ன அனுப்ப முடியாது."

அடுத்த நாள் மதியம் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீங்கதான் கிறிஸ்டல். சரியா? ம். ப்ரோடி ரொம்ப அருமையான பையன்."

"பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"அவனுக்கு நல்ல ஞாபக சக்தி..."

"அதச் சொல்லவா மூணு மணி நேரம் பனியில வரச் சொன்ன?"

"ஐயோ, கிறிஸ்டல் இப்படியெல்லாம் பேசமாட்டாங்க."

"இந்தக் கிறிஸ்டல் பேசுவா. சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் டீ போடட்டுமா?" என்றாள்.

அதன்பிறகு நகலெடுக்கும் இயந்திரத்திடம் சொல்லிப் பார்த்தாள். காதுகேளாத நாயிடமும் சொல்லிப் பார்த்ததாகக் கேள்வி. அது நல்லபடியாகத் தாங்கிக்கொண்டதாம். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவள் தனியாக, "உங்க பையனுக்கு ஆட்டிசம் இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற பெரியவர், "எம்பையனுக்கா? அவனுக்கு அம்பத்தி ரெண்டு வயசாவுதே, கண்ணு," என்று கவலைப்பட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை வந்தார்கள். இவள் தேர்வுக்கான பதிவு என்பதால், முகம் கண்ணாடியைப் பார்த்திருக்கும்படி லொரெட்டாவுக்கு நாற்காலி போட்டிருந்தேன். முகம் தெரியாத பதிவுக்கு மதிப்பெண் கிடையாது. அது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ப்ரோடி மூலையில் மரக்கட்டைகளோடு இருந்தான். கிறிஸ்டல் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். என் பக்கத்தில் ஃப்ரீசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரோடு ரொம்ப மோசம்பா," என்று ரோட்னி தொடங்கினார். "அந்தப் பாலத்துக்கிட்ட வண்டி ஒரு சறுக்கு சறுக்கிச்சு பாரு..."

இப்படி ஒரு வாசல் திறந்தால் லொரெட்டா உள்ளே போய்க் கதவையும் சாத்திக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"போன தடவை நான் உங்ககிட்ட சரியா சொல்லல," என்றாள். "தப்பு என்னுது. ப்ரோடிக்கு ஆட்டிசம் இருக்கு."

நிறுத்தினாள்.

அந்த அமைதியில் என் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டுவிடுமோ என்று அதைக் கையால் பொத்திக்கொண்டேன். மூலையில் ப்ரோடி தொடங்கினான்: தென்மேற்குக் காற்று, இருபது நாட் வேகம். இருமினான். இரவில் மேற்காகத் திரும்பும். வழக்கமாக அந்த இருமலுக்குச் சிரிக்கும் ரோட்னி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். லொரெட்டா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாய் திறக்கவில்லை.

"அப்ப அந்த எடம்," என்றார் ரோட்னி, வெகுநேரம் கழித்து. "அத நாங்க குடுத்திட்டோமே."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்காங்க. நீங்க கூப்பிட்டுச் சொல்லணும்."

"போனா பேசிடுவானா?"

"தெரியாது. போனா வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ரோட்னி எழுந்தார். தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். முதலில் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டு, என் மேசைக்குத்தான் அடித்தார். திரும்பவும் அடித்துப் பேசுவது கேட்டது. "பெடில் பேசறேங்க. ப்ரோடியோட அப்பா. அந்த எடம் எங்களுக்கு வேணும்."

உள்ளே கிறிஸ்டல் நாற்காலியில் அப்படியே திரும்பி, எதிர்ச்சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வெள்ளைச் சுவர். தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. லொரெட்டா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியை இழுக்காமல் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய், கிறிஸ்டலின் நாற்காலிக்கு ஒட்டினாற்போல், கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போட்டு, அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள்.