எதிர்வீட்டுச் சாவியும் கடைசி டியூபும்

அந்தத் திங்கட்கிழமை, என் என்சைம் செத்துப்போய்விட்டது என்று என் ஆராய்ச்சி கைடு முடிவுகட்டிவிட்டார். என்சைம் என்பது வேலை செய்யும் புரதம். பாக்டீரியாவில் வளர்த்து, பிரித்து, சுத்தம் செய்து வைத்திருந்தேன். நிறமில்லாத ஒரு திரவத்தில் அதை விட்டால் திரவம் மஞ்சளாக வேண்டும். மஞ்சளானால் எனக்கு பிஎச்.டி. உண்டு, இல்லையென்றால் இல்லை. வெள்ளிக்கிழமை, அதை முடிவுசெய்யும் கமிட்டி கூடுகிறது. நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. திரவமோ ஒவ்வொரு முறையும் நிறமில்லாத வெறும் தண்ணீராகவே இருந்தது.

"திரிஞ்சு போச்சும்மா. எல்லா டியூபையும் கொட்டிட்டு ஃப்ரீசரைக் காலி பண்ணு. மத்தவங்களுக்கு இடம் வேணும்" என்றார் சார்.

எங்கள் லேபில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஃப்ரீசர்தான். தாம்பரத்தில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். புரதத்தை எவ்வளவு கெட்டியாக்க முடியுமோ அவ்வளவு கெட்டியாக்கி, குட்டி டியூபில் அடக்கி, உடனே உறையவைத்துவிட வேண்டும். இடமும் மிச்சம், பயமும் இல்லை. அவர் மாணவராக இருந்த காலத்திலிருந்து அப்படித்தானாம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கொட்டினேன். அழுதுகொண்டே கொட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டு, மனசுக்குள் சாரைத் திட்டிக்கொண்டு, சிங்க்கில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஒரு டியூபை மட்டும் கவிழ்க்கக் கை வரவில்லை. ஒரு குடைச்சல் இருந்தது. பால் திரிந்தால் கட்டிகட்டியாக, கன்னாபின்னாவென்று நிற்கும். என்னுடையது தெளிவாக இருந்தது. எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம், இருக்க வேண்டியதைப்போல் சரியாக இரண்டு மடங்கு காட்டியது. மூன்று இல்லை, நான்கு இல்லை, எப்போதும் இரண்டு. செத்த பொருளுக்கு இவ்வளவு ஒழுக்கம் எதற்கு? அந்த டியூபை ஃப்ரீசரிலேயே ஒரு ஐஸ் பெட்டிக்கு அடியில் செருகிவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் செம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வந்து பையைத் துழாவினால் சாவி இல்லை. லேப் கோட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பரவாயில்லை, எதிர்வீட்டு அக்காவிடம் எப்போதும் எங்கள் இன்னொரு சாவி இருக்கும், அவர்களுடையது எங்களிடம் இருக்கும். எங்கள் மாடியில் எதிரெதிர் வீடுகளெல்லாம் அப்படித்தான். திரும்பினால் அக்காவும் காய்கறிப் பையோடு அவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார். காற்றில் கதவு சாத்தி, தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

"இன்னாம்மா இது பேஜாரு! உன் சாவி எங்க வூட்ல கீது, எங்க சாவி உங்க வூட்ல கீது. ரெண்டு பேரும் வெளியில நின்னுகினு கீறோம்" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் பெருங்களத்தூரில் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்தேன். இரண்டு வீடும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒன்றும் உடையவில்லை, ஆனால் இரண்டுக்குள்ளும் யாரும் போக முடியாது. இரண்டு. சரியாக இரண்டு. சட்டென்று எழுந்து நின்றேன்.

டொமைன் ஸ்வாப்பிங். எப்போதோ பரீட்சைக்குப் படித்து மறந்தது. புரதச் சங்கிலி ஒன்று, தன்மேல் மடித்துவைக்க வேண்டிய ஒரு பகுதியைக் கைபோல நீட்டிப் பக்கத்துச் சங்கிலிக்குக் கொடுத்துவிடும். அதன் அதே பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். மடிப்பில் குறையே தெரியாது, இரண்டும் பின்னிக்கொண்டு ஒன்றாகிவிடும், அவ்வளவுதான். சில புரதங்கள் இப்படி மாற்றிக்கொண்டால்தான் வேலையே செய்யும். சிலவற்றுக்கு அந்தப் பின்னலே வேலை நடக்கும் வாசலை அடைத்துவிடும். நெருக்கி அடைத்து உறையவைத்தால் சில புரதங்கள் இப்படிப் பின்னிக்கொள்ளும் என்றும் படித்திருக்கிறேன். நெருக்கி அடைத்து உறையவைப்பதைத்தானே நாங்கள் சட்டமாகவே வைத்திருந்தோம்!

புதன்கிழமை காலை முதல் வேலையாக அந்த டியூபை எடுத்து, சார் பார்த்தால் கத்துகிற அளவுக்கு நீர்க்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்தேன். சூட்டில் பிடி தளர வேண்டும், தளர்ந்தவை மறுபடி சந்திக்காதபடி தூரமாக இருக்க வேண்டும். மழை பெய்தது. கரண்ட் போய்விடக் கூடாது என்று வேண்டாத சாமி இல்லை. வியாழக்கிழமை அம்மா போன் செய்தபோது எரிந்து விழுந்தேன். இது நடக்காவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதற்கும் வயசும் இல்லை என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கொஞ்சமாக விட்டால் நிறம் தெரியாதென்று, இருந்த மொத்தத்தையும் திரவத்தில் விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள்.

சாரிடம் ஓடினேன். சாவிக் கதையையும் சேர்த்து மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பிரமாதம்மா. இதையே இன்னும் ரெண்டு தடவை செஞ்சுடு. சாயங்காலம் வரைக்கும் கமிட்டியை நான் நிறுத்திவைக்கறேன். மத்த டியூப்லாம் எடுத்துட்டு வா."

நான் அசையவில்லை.

"கொட்டச் சொன்னீங்களே, சார்."

அவர் டியூபை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். புதிதாக வளர்த்துச் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கமிட்டியில் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். "ஒரு தடவை வந்தது போதாதே, ரிப்பீட் எங்கேம்மா?" சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்க்கை நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நான் கவிழ்த்தது ஒன்றுகூடச் செத்திருக்கவில்லை.