தெரியாது என்று சொன்ன டாக்டர் புனிதவதி

மூத்த பேரன் சிவாவுக்கு ஷா ஆலாமில் இன்ஜினியர் வேலை. அவன் தங்கை சாந்தி டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டாள். மகள் வயிற்றுப் பேரன் குமாருக்கு எஸ்பிஎம் பரீட்சையில் கணக்குக்கு ஏ1. இப்படி ஒவ்வொரு நல்ல சேதிக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டு டாக்டர் புனிதவதியிடம் சொல்வது என் வழக்கம். குமாரின் ரிசல்ட்டைச் சொல்லப் போன் போட்டபோது அவர் தங்கை எடுத்தார். "அக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்திலேயே," என்றார். சொல்ல வந்த மார்க்கு வாயிலேயே நின்றுவிட்டது.

இந்தப் பத்திரிகை படிப்பவர்களில், குழந்தைகள் வார்டில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவரிடம் வைத்தியம் பார்த்த ஒரு பிள்ளையாவது இருந்திருக்கும். எங்களுக்கு ரேணு. என் சின்ன மகனின் ஒரே பெண். மருமகள் மல்லிகா குளிப்பாட்டும்போது பிள்ளையின் வயிற்றில் கட்டி ஒன்று கையில் தட்டியது. சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். அந்தச் சிறுநீரகத்தை எடுத்தும் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் மூத்தவர் என் நாத்தனார், பிள்ளைகளுக்குப் பெரியத்தை. அவர் பேச்சுக்கு நாங்கள் யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. வார்டிலேயே அவர் டாக்டரை மடக்கினார்.

"எங்க வம்சத்துல இது இல்ல டாக்டர். எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன். பிள்ளை வளர அப்பா தண்ணீர் பைப் மாதிரி ஒன்று கொடுக்கிறார், அம்மா ஒன்று கொடுக்கிறாள். அப்பா கொடுத்தது திறந்திருக்கும், அம்மா கொடுத்தது மூடியிருக்கும். அதுதான் சரியான கணக்கு. ரேணுவின் கட்டிக்குள் இரண்டுமே திறந்துகொண்டு வளர்ச்சி அளவு மீறிவிட்டது. இப்போதுதான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார்.

"கேட்டீங்கல்ல? அம்மா பைப்புதான் கெட்டது. டாக்டரே சொல்லிட்டாங்க!" என்றார் பெரியத்தை.

டாக்டர் பதறிப்போய்க் குறுக்கிட்டார். "ஐயோ, இல்லம்மா! பைப் நல்ல பைப்தான். இதை மூடி வைன்னு அதுமேல ஒரு அடையாளம் இருக்கும். கட்டிக்குள்ள அது அழிஞ்சுபோச்சு."

"யாரு அழிச்சா?"

"யாரும் அழிக்கல."

"அப்போ தானா அழிஞ்சுச்சா?"

"ஏன்னு தெரியாதும்மா."

"இவ்வளவு படிச்சிட்டுத் தெரியாதாம்லா," என்று பெரியத்தை எங்கள் பக்கம் திரும்பினார். மல்லிகா ரேணுவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றாள்.

ரேணு போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மல்லிகா பந்திங் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அப்போதெல்லாம் என் மகன் ஞாயிறுதோறும் போவான். சோறு போட்டு அனுப்பிவிடுவாள். "என் வயித்துல இன்னொரு பிள்ளை வேணாம்," என்பாளாம்.

இதை நான் சொன்னதும் டாக்டர் லீவு போட்டுத் தன் காரிலேயே என்னைப் பந்திங்குக்கு அழைத்துப் போனார். மல்லிகா மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தாள். "அது கெட்டது கட்டிக்குள்ளதான் மல்லிகா, உன் உடம்புல இல்ல. அன்னைக்கு நான் வேற மாதிரி சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர்.

"கட்டி வந்த உடம்பு எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

டாக்டர் அந்தத் தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார். திரும்பும் வழியில் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டியதும் அவர், "புதுசா ஏதாச்சும் தெரிஞ்சா நானே வந்து அவகிட்ட சொல்றேன்," என்றார்.

அதன் பிறகு நான் போன் போடும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளின் வெற்றியைக் கேட்டு வாய் நிறையச் சிரிப்பார். பிறகு குரல் இறங்கிவிடும். "ஏன்னு இன்னும் தெரியலம்மா. படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். மல்லிகா எப்படி இருக்கா?"

கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு ஒரு ஆளைப் பிடித்துப் பழி போட எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த "தெரியாது" ஒன்றைத்தான்.

மல்லிகா, உன் அம்மா வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவார்கள் என்று தெரியும். உன்னிடம் சொல்ல அவர் எதையும் கொண்டு வர முடியாமலே போய்விட்டார். நானும் வெறுங்கையோடுதான் எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது நீ ரேணுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் மட்டும். நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும். புதிதாக ஒரு படம் எடுத்துக் கிள்ளானில் இருக்கும் நம் வீட்டுக்குத் தபாலில் போடம்மா.