அட்டையின் பின்னால் நான் எழுதிய நான்கு வரிகள்

கொரோனாவுக்குப் பிறகு விமானங்கள் பழையபடி பறக்கத் தொடங்கிய காலம். இங்கிலாந்திலிருந்து ஓர் ஓகஸ்ட் மாதம் விடுமுறைக்கு இலங்கைக்கு, என் ஊரான புத்தளத்துக்கு வந்திருந்தேன். பாலாவிக்கு அப்பால், களப்பு ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய வீட்டில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

நான் இங்கிலாந்தில் வடிவமைப்புப் படித்தவள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. ஆனால் விண்ணப்பித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். சும்மா இருக்க மனமில்லாமல், நான் வரைந்த படங்களை வாழ்த்து அட்டையிலும் துணிப்பையிலும் அச்சடித்து, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு சின்னக் கடை போட்டேன். குளிரில் கை விறைக்க நின்றதுதான் மிச்சம். வருவார்கள், தடவிப் பார்ப்பார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. உப்புக் கூடையைத் தலையில் வைத்தபடி சிரிக்கும் ஒரு பெண். இங்கிலாந்து போவதற்கு முதல் பாலாவி உப்பளத்தில் போனில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. “எடுக்கவா ராத்தா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன். “ஓம், எடுங்க தங்கச்சி” என்றார். எங்களுக்குள் நடந்த கதை அவ்வளவுதான். பெயர்கூட நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். உப்பளத்தில் வேலை செய்பவர் என்றேன். அவர் அட்டையை மெதுவாகத் திரும்ப வைத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “போரில் எல்லாம் இழந்து, அகதியாக வந்தவர். கணவரும் இல்லை” என்று சேர்த்துச் சொன்னேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. ஐந்து அட்டைகள் வாங்கிப் போனார்.

அடுத்த வாரமே அதை நான்கு வரியாக அட்டையின் பின்புறத்தில் அச்சடித்தேன். அதற்குப் பிறகு வேறெதையும்விட அந்த அட்டைதான் ஓடியது. பரிசுப்பொருள் கடைக்காரி ஒருத்தி, தன்னுடைய எல்லாக் கிளைகளுக்கும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அது வேண்டும் என்றாள். இனி அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஊருக்கு வந்தேன். படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு, ஒரு கட்டு அட்டையும் எடுத்துக்கொண்டு, உப்பளத்தில் விசாரித்து ராத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். சட்டத்தைக் கண்டதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கதிரை போட்டார்.

“யார்ட மகள் நீங்க?” என்று கேட்டார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உம்மா மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியதையும், எனக்கு மூன்று வயதில் வாப்பா மவுத்தானதையும், அதன்பின் உம்மா தனியாகத் தைத்துத் தைத்தே என்னைப் படிக்க வைத்ததையும் சொன்னேன். ராத்தா உச்சுக் கொட்டிக்கொண்டு கேட்டார்.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய கணவர் வந்தார். எனக்குத் திக்கென்றது. அவர் சவூதியில் பல வருடம் லொறி ஓட்டியவராம். இப்போது ஓட்டோ வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஓர் அட்டையைத் திருப்பினார்.

“நானா, அது இங்கிலீஷ்...” என்று அண்ணன் முறை சொல்லிக் கையை நீட்டினேன்.

“வாசிப்பேன் தங்கச்சி. சவூதில பழகினது.”

உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“இஞ்ச பாருங்க, நான் மவுத்தாம்.”

ராத்தா வெடித்துச் சிரித்தார். “அப்ப நான் இத்தா இருக்காம உப்பு அள்ளிக்கிட்டுத் திரியிறேனா?” கணவன் இறந்தால் எங்களில் பெண்கள் சில மாதம் வீட்டோடு இருப்பது வழக்கம். அதைச் சொல்லித்தான் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

“மத்தது என்ன போட்டீக்கு?” என்று ராத்தா கேட்டார். கணவர் மிச்சத்தையும் வாசித்துச் சொன்னார். போர், இழப்பு, அகதி. ராத்தாவின் சிரிப்பு நின்றது.

“நாங்க எங்கேருந்தும் வரல்ல தங்கச்சி. இதுதான் எங்கட ஊரு. தொண்ணூறுல ஒங்கட ஆக்கள் வந்து எறங்கக்குள்ள, எங்கட உம்மாதான் பெரிய சட்டி வெச்சு சோறாக்கிக் குடுத்த. எனக்கு அப்ப பன்னண்டு வயசு. தண்ணி அள்ளிக் குடுத்தது நான்.”

குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இது ஒங்கட உம்மாட கதைதானே. அதை ஏன் என்ட தலையில வெச்சீங்க?”

உண்மையான பதில் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ‘அகதிப் பிள்ளை’ என்று கூப்பிடப்பட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை ஒளித்துக்கொண்டே வளர்ந்தவள் நான். பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. விற்பதற்குத் தேவைப்பட்டபோது மட்டும் அதை எடுத்து, பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்குப் போர்த்திவிட்டேன்.

அழுதுவிட்டேன். ராத்தா தேத்தண்ணியைக் கையில் வைத்தார்.

“அழாம குடிங்க. படம் வடிவா ஈக்குது. அந்தப் பொய்யை மட்டும் எடுத்துடுங்க.”

“அப்ப என்ன எழுதுறது ராத்தா?”

சட்டத்திலிருந்த தன் படத்தைக் காட்டினார். “உப்பு வெளஞ்சிட்டா இல்லையாண்டு பாத்த ஒடனே சொல்லுவா. இவ சொன்னாத்தான் அள்ளத் தொடங்குவாங்க. அப்பிடிப் போடுங்க.”

“மாப்பிள உசிரோட ஈக்கிறாண்டும் போடுங்க” என்றார் கணவர். அப்போது என்னாலும் சிரிக்க முடிந்தது.

திரும்பிப் போனதும் கடைக்காரிக்கு உண்மையை எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டாள். ஆனால் அட்டை வேண்டாம் என்றுவிட்டாள். பெட்டி பெட்டியாக இருந்த அட்டைகளில், அந்த நான்கு வரியின் மேல் ராத்தா சொன்னதை அச்சடித்து ஒட்டினேன். உப்பு விளைந்ததைக் கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது என்று சிலர் ஆர்வமாகக் கேட்டு வாங்கினார்கள். அங்கே தொடர்ந்து நிலைக்க அது போதவில்லை. அனுமதி முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது வீட்டிலிருந்து வரைந்து, கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவருக்கு விற்கிறேன்.

உங்களுடைய கதையை அட்டையில் எழுதட்டுமா என்று உம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். “படத்தை விக்கிறதெண்டா படத்தை வில்லு மகள்” என்றார், தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. இங்கே எழுதியிருப்பதைக்கூட உம்மாவிடமும் ராத்தாவிடமும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்த வியாபாரம் கைநழுவிப் போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனாலும், ஒருவரைக் காட்டி இரக்கம் வாங்குவது அவரை மதிப்பதாகாது என்பதை, என்மீது கோபப்பட முழு உரிமையும் இருந்த ஒரு பெண் கோபப்படாமலே எனக்குப் புரியவைத்ததை, நான் மவுத்தாகும்வரை மறக்கமாட்டேன்.